பட்டா யார் பேரில், பாடு யார் தலையில்?

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம். பட்டா அப்பா பேரில். இருபது வருஷமாக அதில் சேறு மிதிப்பவர் எங்கள் குத்தகைக்காரர். மத்திய அரசின் விவசாயி உதவித்தொகையான பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் வரவு என்று குறுஞ்செய்தி வருவது அப்பாவின் போனுக்கு. சம்பா நடவு சமயத்தில் 1,350 ரூபாய் டி.ஏ.பி. உர மூட்டைக்குக் கடன் சொல்லி உரக்கடை வாசலில் நிற்பது குத்தகைக்காரர். விவசாயிக்கு நேரடியாகப் பணம் தரும் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் இந்த இருவரையும் வைத்துத்தான் எடை போடுகிறேன்.

மத்திய அரசு 2019-ல் தொடங்கிய பி.எம். கிசானில் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக. இரண்டு ஏக்கரோ இருபது ஏக்கரோ, தொகை ஒன்றுதான். அந்த வகையில் சிறு விவசாயிக்கு இது நியாயம். ஆனால் ஒரு தவணையில் இரண்டு மூட்டை டி.ஏ.பி. வாங்க முடியாது. விதைப்புக்கும் தவணைக்கும் பொருத்தமும் இல்லை, நான்கு மாதத்துக்கு ஒன்று என்று வருகிறது.

தெலங்கானாவின் ரைத்து பந்து 2018 மே மாதம் வந்தது. ஏக்கருக்குப் பருவத்துக்கு 4,000, பிறகு 5,000. சாகுபடிச் செலவுக்கென்றே பருவக் கணக்கில் வகுத்தது, கைக்குக் காணும் தொகை. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். கோளாறு, உச்சவரம்பு வைக்காததில். இரண்டு ஏக்கர்காரருக்கு வருஷம் 20,000 என்றால், ஹைதராபாத்தில் குடியிருந்துகொண்டு இருபது ஏக்கர் வைத்திருப்பவருக்கு இரண்டு லட்சம் போனது. அந்த இருபது ஏக்கரையும் குத்தகைக்கு உழுபவருக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை.

ஒடிசாவின் காலியா திட்டம்தான் என் மனசுக்கு நெருக்கம். சிறு, குறு விவசாயக் குடும்பத்துக்கு ஐந்து பருவங்களில் 25,000 ரூபாய். விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிர் செய்பவர்களையும் கணக்கில் எடுத்தார்கள். நிலமே இல்லாத கூலிக் குடும்பத்துக்கு ஆடு, கோழி, காளான் என்று பிழைப்பு தேட 12,500. நிலம் இல்லாதவரும் விவசாயத்தில் ஓர் ஆள்தான் என்று ஒப்புக்கொண்டது அந்தத் திட்டத்தின் பெருமை.

2019 அக்டோபரில் ஆந்திராவில் வந்த ரைத்து பரோசா, மத்திய அரசின் 6,000-ஐயும் சேர்த்து 13,500 கொடுத்தது. பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை வகுப்புகளைச் சேர்ந்த, சொந்த நிலமில்லாத குத்தகைதாரருக்கும் அது கிடைத்தது. அதற்கு, நிலத்தில் பயிர் செய்பவர் இவர்தான் என்று காட்டும் சாகுபடிதாரர் அட்டை வேண்டியிருந்தது. அட்டைக்கு நிலக்காரர் சம்மதம் வேண்டியிருந்தது. அங்கேதான் பலருக்குக் கதவு அடைபட்டது.

தெலங்கானாவின் தொகை, ஒடிசாவின் பயனாளிப் பட்டியல், தலைக்கு இத்தனை ஏக்கர் வரைதான் என்ற வரம்பு: மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தால் அதற்கே என் ஓட்டு.

போன மாதம் அப்பாவிடம் குத்தகையைப் பதிவு செய்யலாம் என்றேன். தமிழ்நாட்டில் அதற்கு 1969-லேயே சட்டம் இருக்கிறது. "எழுதிக் கொடுத்தா நிலம் கைவிட்டுப் போயிடும்டா" என்றார். ஆந்திர அட்டைக்கு ஆயுள் 11 மாதம், நில உரிமை அதனால் மாறாது என்று விளக்கினேன். பதில் சொல்லவில்லை. திண்ணையில் இருந்த குத்தகைக்காரர், "விடுங்க தம்பி, ஐயாவுக்குச் சங்கடம் வேணாம்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.