திருச்சி டிக்கட்: ஏறிய காசை யார் இறக்குகிறார்கள்?

ஹட்டனிலிருந்து திருச்சி போய்வர விலை விசாரித்தால் ஏஜென்சியில் ஒரு தொகை சொல்வார்கள், விமானக் கம்பனியின் தளத்தில் ஒரு தொகை இருக்கும், கார்ட் நம்பர் கேட்கும் பக்கத்துக்குப் போனால் இன்னொரு தொகை நிற்கும். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேன் பேசினால் அங்கேயும் ‘டீசல் ஏறிட்டு’ என்றுதான் பேச்சு தொடங்கும். எது மலிவு என்பதோடு, எண்ணெய் விலையைக் காட்டி ஏற்றிய காசை யார் திரும்ப இறக்குகிறார்கள் என்பதையும் வைத்து இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில் லக்கேஜ், சாப்பாடு எல்லாம் சேர்ந்த பெரிய விமானங்கள். அவற்றின் டிக்கட் பிரின்டை எடுத்து, அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே உள்ள வரிப் பட்டியலைப் பாருங்கள். அதில் ‘ஒய்.கியூ.’ அல்லது ‘ஒய்.ஆர்.’ என்று ஒரு தொகை இருந்தால், அது அரசாங்கத்துக்குப் போகும் வரி அல்ல. கம்பனி தானே போட்டு, தானே எடுத்துக்கொள்ளும் காசு. எரிபொருள் மேலதிகக் கட்டணம் என்ற பெயரில் வந்தது இதுதான்.

2008 ஜூலையில் மசகு எண்ணெய் பீப்பாய் 147 டொலரைத் தொட்டது. 2016 தொடக்கத்தில் 30 டொலருக்கும் கீழே போனது. அப்போதும் பல கம்பனிகள் இந்தத் தொகையை எடுக்கவில்லை. ‘எரிபொருள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘விமானக் கம்பனி விதிக்கும் கட்டணம்’ என்று பெயரை மாற்றிக்கொண்டன. காரணம் இருக்கிறது. ஏஜென்சி கொமிஷன், நிறுவனங்களுக்கான கழிவு போன்றவை பெரும்பாலும் அடிப்படைக் கட்டணத்தில்தான் கணக்காகும். காசைத் தனியாகப் பிரித்து வைத்தால் அவற்றில் மிச்சம். பொயின்ட்ஸில் ‘இலவச’ டிக்கட் எடுப்பவரிடமும் பல கம்பனிகள் இதை வாங்கிவிடும். பயணத்தை ரத்துச் செய்தால் விமான நிலைய வரி திரும்பக் கிடைத்தாலும், இது பெரும்பாலும் கட்டணத்தோடு சேர்ந்தே போய்விடும். பிரிட்டிஷ் ஏர்வேஸும் வேர்ஜின் அட்லாண்டிக்கும் இந்தத் தொகையை எவ்வளவு ஏற்றுவது என்று தங்களுக்குள் பேசி வைத்த விவகாரம் வெளிவந்து, 2007இல் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்குப் பெரிய அபராதம் விழுந்தது. வேர்ஜின் தானே போய்ச் சொல்லிக்கொடுத்ததால் தப்பியது!

நேர்மையாகச் செய்யவும் வழி உண்டு. ஜப்பானின் இரண்டு பெரிய கம்பனிகள் சிங்கப்பூர் விமான எரிபொருள் விலையை அடிப்படையாக வைத்து, இத்தனைக்கு இத்தனை என்று அட்டவணை வெளியிடுகின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். எரிபொருள் விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கட்டணம் பூச்சியம்.

மலிவு விமானத்தில் கதை வேறு. அங்கே எரிபொருளைக் காட்டிக் காசு கேட்பது குறைவு. பெட்டி, சீட், சாப்பாடு என்று ஒவ்வொன்றாக விலை சொல்வார்கள். எரிச்சல்தான், ஆனால் வேண்டாம் என்று விட்டுவிடலாமே. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இது பரவாயில்லை. நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. போகும்போது நம்மிடம் என்ன இருக்கும்? நாலு பக்கெட் தேயிலை, மாற்றுத் துணி. வரும்போதுதான் கல்யாணச் சேலை, வேட்டி, பித்தளைக் குத்துவிளக்கு என்று பெட்டி நிறையும். ஆகவே வருகிற பக்கத்துக்கு மட்டும் லக்கேஜ் வாங்கினால் போதும். அதையும் டிக்கட்டோடு ஒன்லைனில் வாங்கிவிட வேண்டும். கவுன்டரில் தராசில் வைத்த பிறகு கேட்கும் காசு வயிற்றைக் கலக்கும். இரண்டு பெட்டி நிச்சயம் என்றால் பெரிய விமானமே லாபமாக வரலாம்; கடைசிப் பக்கம் வரை போய் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பலையும் சிலர் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குச் சரி. ஹட்டனிலிருந்து காங்கேசன்துறை போய்ச் சேருவதே தனிப் பயணம்.

அப்புறம் கட்டுநாயக்கவுக்குப் போகும் வழி. 2022 ஜூனில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவானபோது எல்லோரும் ஏற்றினார்கள், ஏற்றாமல் முடியாது. பஸ்ஸில் அந்த ஜூலையில் ஆகக் குறைந்த கட்டணம் 40 ரூபாவானது. பிறகு 38, 34 என்று இறங்கி, 2023 மார்ச் முடிவில் 30க்கு வந்தது. தனியார் பஸ்காரர்கள் முணுமுணுத்தாலும், கட்டணத்தை அறிவித்துவிட்டால் கொண்டக்டர் குறைத்துத்தான் வாங்க வேண்டும். வேனுக்கு அப்படி அறிவிப்பவர் யாருமில்லை. ஏறிய ஹையர் ஏறியதுதான். பேசிய தொகைக்கு மேலே ஹைவே காசு, வெயிட்டிங், டிரைவர் சாப்பாடு என்று கட்டுநாயக்கவில் இறங்கும்போது கணக்கு நீளும். டயரும் சர்வீஸும் ஏறியது உண்மைதான், டிரைவர்மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஆனால் முதலே சொல்லலாம்.

தனியாக, கைப்பையோடு போகிறவர் கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு பஸ் ஏறி, அங்கிருந்து விமான நிலைய பஸ்ஸைப் பிடிக்கலாம். குடும்பமாக, விடியற்காலை விமானத்துக்குப் போகிறவர்களுக்கு வேன்தான். ‘ஹைவே, வெயிட்டிங் எல்லாம் சேர்த்து எவ்வளவு அண்ணே?’ என்று கேட்டு, அவர் சொல்கிற தொகையை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.