செஸ், போக்கர், பேக்காமன்: அதிர்ஷ்டம் எந்த இடத்தில் நுழைகிறது?

செஸ் என்றால் முழுக்கத் திறமை, போக்கர் என்றால் பாதி சூதாட்டம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பார்த்தால் மட்டும் போதாது. நாம் முடிவெடுத்த பிறகு அது எப்படிக் குறுக்கிடுகிறது, அதைக் கழித்துத் திறமையைப் பார்க்க எத்தனை ஆட்டம் பிடிக்கும் என்பதையும் கேட்க வேண்டும்.

செஸ்ஸில் பேச அதிகமில்லை. வெள்ளைக்காய்க்குச் சற்றுச் சாதகம் உண்டு. நிறம் மாற்றி ஆடி அதையும் சரிக்கட்டிவிடுகிறார்கள். ஆட்டக்காரர்களின் பலத்தை எண்ணால் அளக்கும் எலோ மதிப்பீட்டில் 400 புள்ளி பின்தங்கியவருக்குச் சராசரியாகப் பத்து ஆட்டத்தில் ஒரு வெற்றிக்கான புள்ளி தேறினாலே பெரிது. தோற்றவருக்குச் சாக்கும் கிடையாது.

போக்கர் நேர் எதிர். கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங். மேசையில் இருவருக்கும் பொதுவான சீட்டுகள் விழும் முன்பே மொத்தப் பணத்தையும் வைத்தது சரியான முடிவுதான். ஆனாலும் ஏறக்குறைய 18 சதவீதம் தோற்பீர்கள். 2017-ல் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றபோது 1,20,000 ஆட்டம் ஆட வைத்தார்கள். அதிலும் ஒருவருக்கு விழுந்த அதே சீட்டை இன்னொரு அறையில் நிரலுக்குக் கொடுத்து அதிர்ஷ்டத்தைக் குறைத்தார்கள். ஒரு ராத்திரி ஜெயித்துவிட்டுக் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்பவரை நான் நம்புவதில்லை.

பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பேக்காமன்தான் எனக்குப் பிடித்தது. இரண்டு பகடை, 36 விதமான விழுகை. எதிராளியின் காய்க்கு ஆறு கட்டம் தள்ளி உங்கள் ஒற்றைக் காய் நின்றால், இடையில் தடுப்பு இல்லையென்றால், 36-ல் 17 விழுகையில் வெட்டுப்படும். ஏழு கட்டம் தள்ளி வைத்தால் வெறும் 6. ஒரே கட்டத்தில் இவ்வளவு! ஏழில் வைத்தும் வெட்டுப்பட்டவர் பகடையைத் திட்டலாம், நியாயம். ஆறில் வைத்துத் தப்பித்தவர்தான் எதையும் கற்காமல் எழுந்து போகிறார்.

1979-ல் பிகேஜி 9.8 என்ற நிரல் உலக சாம்பியன் லூய்ஜி வில்லாவை 7-1 என்று தோற்கடித்தது. அதை எழுதிய ஹான்ஸ் பெர்லினரே பிறகு ஆட்டத்தை அலசி, பகடை தன் நிரலின் பக்கம் விழுந்ததென்றும், வில்லாதான் நன்றாக ஆடினார் என்றும் சொன்னார்.

இன்றைய பேக்காமன் நிரல்கள் ஒவ்வொரு நகர்த்தலின் பிழையையும் பகடை தந்த சாதகத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் காட்டுகின்றன. முடிவை விட்டுவிட்டு அந்தப் பிழைக் கணக்கை மட்டும் பாருங்கள்; ஒரே ஆட்டத்திலேயே யார் சரியாக ஆடினார் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.