முதல் முறையாகப் பழைய காரில் கை வைக்கிறவருக்கு: ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நீண்ட நாள் அனுபவம்

பழைய கார் ஒன்றை வாங்கித் தன் கையாலேயே தேற்றி எடுக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் அம்பாசிடரையோ பத்மினியையோ தேடுகிறார்கள். இரண்டும் நல்ல வண்டிகள்தான். ஆனால் ஸ்பானர் பிடித்தே பழக்கமில்லாதவர் கேட்டால் நான் சொல்வது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அறுபதுகளில் நம் வண்டலூரில் தயாரான வண்டி. இரண்டு கதவு மார்க் டூ மாடல் ஒன்றை வாங்கி, அதில் வேலை பார்த்துக்கொண்டே பல வருடமாக ஓட்டியும் வருகிறேன். வீடு தாம்பரம் பக்கம். பிறந்த ஊரைச் சுற்றியே அது இன்னமும் ஓடுகிறது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

ஹெரால்டைச் சொல்வதற்குக் காரணம் அதைக் கட்டியிருக்கும் விதம். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக இது வெளிவந்தபோது, பாடியையும் சேஸியையும் ஒன்றாக வெல்டு செய்வதுதான் புது வழக்கம். ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்தவர்களைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து போல்ட் போட்டு இணைக்கும் பாடியும் தனிச் சேஸியும் தேவைப்பட்டன. அதற்கு வடிவம் கொடுத்தவர் இத்தாலியர் மிக்கெலோட்டி. அன்று அவர்களுக்கு வந்த நெருக்கடி இன்று நமக்கு வசதியாகிவிட்டது. மேற்கூரையைக்கூடப் போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். பானெட் இரண்டு மட்காடுகளோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை பார்க்கலாம். குனிந்து முதுகு ஒடிய வேண்டியதில்லை, எது எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து பார்க்கலாம். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் கழற்ற எளிது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றிப் போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். அட்டைப்பெட்டிகளில் பிரிந்து கிடக்கும் கார்களில் பல அப்படியே காயலான் கடைக்குப் போயிருக்கின்றன. ஒரு பகுதியை எடுங்கள், முடியுங்கள், ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்தது. என் வரிசையில் பிரேக் முதலில் வந்தது, பெயின்ட் கடைசியில். இந்த வண்டியின் பிரேக் லைன் ஒரே சுற்று. ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். குழி விழுந்த சிலிண்டர்களை லேத்தில் கொடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போட்டு வாங்கலாம். ரப்பர் ஹோஸ்களையும் மாஸ்டர் சிலிண்டர் கிட்டையும் யோசிக்காமல் புதிதாக மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ட்ரனியன். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கூடினால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை மறைபோட்டு இந்தப் பித்தளைத் துண்டுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மறைதான் சுழல்கிறது. அதற்குள் ஊற்ற வேண்டியது இபி 90 கியர் ஆயில். பட்டறைகளில் பழக்கத்தில் கிரீஸ் கன்னை வைத்து அமுக்கிவிடுகிறார்கள். கிரீஸ் அடிவரை இறங்காமல் மேலேயே இறுகி நின்றுவிடும். உள்ளே தண்ணீர் புகுந்து துரு பிடிக்கும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடிந்துபோகும். எனக்கு இதைக் கழற்றிக் காட்டிய வயதான மெக்கானிக் சொன்னது: “தம்பி, எஞ்சினுக்கு ஆயில் மாத்த மறந்தாக்கூட வண்டி வீடு வந்து சேரும். இதை மறந்துடாதீங்க.” மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஊற்றிவிடுகிறேன். தேய்ந்திருந்தாலும் கவலை இல்லை, இதே வகை முன்சக்கர அமைப்பு 1980 வரை வந்த டிரையம்ஃபின் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கும் உண்டு என்பதால் பிரிட்டனில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சுங்க வரி சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மற்ற சாமான்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இருக்கவே இருக்கின்றன.

வயரிங் பயமுறுத்தும், ஆனால் எளிது. லூகாஸ் நிறக் குறியீட்டில் பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், கறுப்பு எர்த். என் வண்டியில் ஃபியூஸ் என்பதே கிடையாது, சின்னப் பெட்டி ஒன்று சேர்த்துக்கொண்டேன். பழமை மாறக்கூடாது என்பவர்கள் முகம் சுளிப்பார்கள். காப்பு உரிந்த ஐம்பது வயது வயரோடு அந்தப் பழமையைக் காப்பாற்ற நான் தயாராக இல்லை. பெட்ரோலில் இப்போது எத்தனால் கலந்து வருவதால் பழைய ரப்பர் ஹோஸ்களும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் ஊறிக் கெடும். அதைத் தாங்கும் ரகமாகப் பார்த்து மாற்றுங்கள்.

ஓட்ட எப்படி? 948 சிசி எஞ்சின், அவசரப்படாது. ஜி.எஸ்.டி. சாலையில் 60, 70இல் நிம்மதியாகப் போகலாம். ஸ்டீயரிங் ஒடிக்கும் அழகுதான் அழகு, சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எங்கள் தெருவில் சின்ன ஹேட்ச்பேக்குகள் முன்னும் பின்னும் எடுக்கும் இடத்தில் இது ஒரே வளைப்பில் திரும்பும். வளைவுகளில் மட்டும் நிதானம் வேண்டும். பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், அதாவது இரண்டு பின்சக்கரங்களும் தனித்தனித் தண்டில் மேலும் கீழும் ஆடும் அமைப்பு என்பதால், வேகமாக நுழைந்து பாதியில் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும்.

செலவை அதிகம் விழுங்கியது டிங்கரிங். பட்டி போட்டு மறைப்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கச் சொல்லுங்கள்.

வாங்கப் போகும்போது பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். படுத்து, சேஸியின் பக்கக் கைகளையும் டிஃபரன்ஷியல் பொருந்தும் இடத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். இன்னொருவரைக் கிளட்ச் அமுக்கச் சொல்லி, எஞ்சினின் முன்னால் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு முன்னும் பின்னும் நகர்ந்தால் கிராங்க் தண்டை அப்படி நகரவிடாமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் போயிருக்கிறது, எஞ்சினை இறக்கும் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின், சேஸி எண்கள் வண்டியோடு பொருந்துகின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021 முதல் ‘விஏ’ வரிசையில் விண்டேஜ் பதிவு இருக்கிறது. அதை எடுத்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்க முடியும். என்னைப்போல் காய்கறி வாங்கவும் கோயிலுக்குப் போகவும் ஓட்ட வேண்டுமென்றால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொண்டு போங்கள்.