கார்-டி செல்லா, மஜ்ஜை மாற்றா?

வேலூர் பாபு ராவ் தெரு பக்கம் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருக்கும் ரத்தப் புற்றுநோய்க் குடும்பங்களிடம் பேச்சுக் கொடுத்தால், கொல்கத்தாக்காரரும் போளூர்க்காரரும் கேட்பது ஒன்றுதான்: "கார்-டி வந்துடுச்சாமே, இனிமே மஜ்ஜை மாற்று எதுக்கு?" கார்-டி என்பது நோயாளியின் சொந்த எதிர்ப்பு செல்களையே மரபணு மாற்றிப் புற்றுநோய் மேல் ஏவும் சிகிச்சை. என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமாவில் கார்-டி பழைய முறையை ஓரங்கட்டத் தொடங்கிவிட்டது. ரத்த வெள்ளணுப் புற்றுநோயான லுக்கேமியாவில் இன்னும் பல நேரம் இரண்டும் சேர்ந்தேதான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் இந்தப் போட்டியில் இல்லாதவர்களைக் கழித்துவிடலாம். மெதுவாக வளரும் லுக்கேமியாவான சி.எம்.எல். வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இமாடினிப் வகை மாத்திரையே போதும். குழந்தைக்கு முதல் தடவையாக, வேகமாக வளரும் லுக்கேமியாவான ஏ.எல்.எல். வந்தால் இரண்டு மூன்று வருடக் கீமோதான் வழி. பெரும்பாலான பிள்ளைகள் அதிலேயே தேறிவிடுகிறார்கள். வேகமாக வளரும் இன்னொரு வகையான ஏ.எம்.எல்.லுக்கு அனுமதி பெற்ற கார்-டி இல்லை. மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களில் வரும் மைலோமாவுக்கு, கார்-டி தேடிப் பிடிக்கும் அடையாளக் குறி வேறு, மருந்தும் வேறு. மிச்சம் இருப்பது, திரும்பி வந்த அல்லது கீமோவுக்கு மசியாத பி-செல் (ஒரு வகை வெள்ளணு) லுக்கேமியாவும் பி-செல் லிம்போமாவும்.

அடுத்தவர் மஜ்ஜையை ஏற்றுவது நம் ஊருக்குப் பழகிய சிகிச்சை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் நடக்கிறது. டோனரின் எதிர்ப்பு செல்கள் உள்ளே போய், கீமோவுக்குத் தப்பிய புற்றுநோய் செல்களையும் தேடி அழிக்கும். அந்த வகையில் இதுவும் எதிர்ப்பு செல் சிகிச்சைதான், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், அதே செல்கள் நோயாளியின் தோல், குடல், ஈரலையும் தாக்கலாம். அதை அடக்க மாதக்கணக்கில் மாத்திரை, கூடவே தொற்று பயம். கூடப் பிறந்தவர் ஒருவருடைய மஜ்ஜை முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். இப்போது அப்பா, அம்மாவின் பாதிப் பொருத்தத்தை வைத்தும் செய்கிறார்கள்.

கார்-டிக்கு டோனர் வேண்டாம். நோயாளியின் ரத்தத்திலிருந்தே டி-செல்கள் என்ற எதிர்ப்பு செல்களைப் பிரித்தெடுத்து, பி-செல்களின் மேல் இருக்கும் சி.டி.19 என்ற குறியை அடையாளம் காணும் மரபணுவை அவற்றுக்குள் செலுத்தி, பெருக்கி, சின்னக் கீமோவுக்குப் பிறகு திருப்பி ஏற்றுகிறார்கள். ஏற்றுவது ஒரு பை ரத்தம் ஏற்றுவதைவிடச் சீக்கிரம் முடியும். கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகுதான். காய்ச்சல் எகிறும், பிரஷர் இறங்கும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் டோசிலிசுமாப் ஊசிதான் இங்கே கை கொடுக்கிறது. மூளையும் குழம்பலாம். அதனால் நர்ஸ் தினமும் ஒரு தாளை நீட்டி ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார். நேற்று ஒழுங்காக எழுதியவர் கை இன்று கோணிப் போனால் உடனே டாக்டருக்குத் தகவல் போகும். இதற்காகவே சில வாரம் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சி.எம்.சி.யின் ரத்தநோய்ப் பிரிவு இப்போது ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கிறது. போளூர்க்காரரும் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்ப முடியாது.

பலன் எப்படி? பெரிய பி-செல் லிம்போமா சீக்கிரமே திரும்பியவர்களிடம் கார்-டியையும், சொந்த ஸ்டெம் செல் மாற்றோடு (நோயாளியின் ரத்த மூல செல்களையே எடுத்து வைத்து, கடும் கீமோவுக்குப் பிறகு திருப்பி ஏற்றுவது) கூடிய வழக்கமான சிகிச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் 2021 கடைசியில் வெளிவந்தன. ஆக்ஸி-செல் என்ற தயாரிப்பில், இரண்டு வருடம் கழித்தும் நோய் மீளாமல் இருந்தவர்கள் 41 சதவீதம். பழைய முறையில் 16. அதே சமயம் டிசாஜென்லெக்லூசெல் என்ற இன்னொரு தயாரிப்பால் பழைய முறையை மிஞ்ச முடியவில்லை. ஆக, 'கார்-டி நல்லது' என்று மொத்தமாகச் சொல்வதில் அர்த்தமில்லை. எந்தக் கார்-டி என்று கேட்க வேண்டும். லுக்கேமியாவில் கதை வேறு. டிசாஜென்லெக்லூசெல் ஏற்றிய குழந்தைகள், இளைஞர்களில் 81 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்துக்குள் நோய் அடங்கியது. அடங்கியவர்களில் ஒரு வருடம் வரை திரும்பாமல் இருந்தது 59 சதவீதம். அதனால்தான் நோய் அடங்கிய கையோடு மஜ்ஜை மாற்றையும் செய்துவிடலாம் என்று டாக்டர்கள் பலருக்குச் சொல்கிறார்கள்.

பணம்தான் பெரிய சுவர். 2017இல் அமெரிக்காவில் முதல் கார்-டியின் விலை 4,75,000 டாலர். ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 இந்திய அனுமதி பெற்றது 2023 அக்டோபரில். அப்போது விலை சுமார் 40 லட்சம். மஜ்ஜை மாற்று சிகிச்சையும் பத்து லட்சத்தைத் தாண்டும். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தின் வழக்கமான ஐந்து லட்சத்தை மட்டும் வைத்து இரண்டில் எதையும் முடிக்க முடியாது. ஆறுதல், சி.எம்.சி.யே வெல்கார்ட் என்ற ஆய்வில் மருத்துவமனைக்குள்ளேயே ஒன்பது நாள் அளவில் செல்களைத் தயாரித்துக் காட்டியிருக்கிறது. தொழிற்சாலைக்கு அனுப்பினால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், நோய் அதுவரை சும்மா இருக்காது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் விலை இறங்க இந்த வழியைத்தான் நான் நம்புகிறேன்.

மூன்றாவதாக பிளினாட்டுமோமாப் இருக்கிறது. ஏ.எல்.எல்.லுக்கான ரெடிமேட் மருந்து. கல்யாணத் தரகர் மாதிரி டி-செல்லையும் புற்றுநோய் செல்லையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும். ஒரு சுற்று 28 நாள், இடைவிடாத டிரிப். எதையும் தயாரிக்கக் காத்திருக்க வேண்டாம் என்பது பெரிய வசதி. 'எதிர்ப்பு செல்லை ஏற்றிப் பலப்படுத்துகிறோம்' என்று விளம்பரம் செய்யும் கிளினிக்குகளை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிளினாட்டுமோமாப் குறிவைப்பதும் அதே சி.டி.19தான். சிலருக்குப் புற்றுநோய் செல் அந்தக் குறியையே கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பி வரும். அப்படி வந்தால் சி.டி.19 கார்-டிக்குப் பிடி கிடைக்காது. எனவே பிளினாட்டுமோமாபை முடித்துவிட்டுக் கார்-டிக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள், பணம் கட்டும் முன், செல்லின் மேல் எந்தக் குறி இருக்கிறது என்று பார்க்கும் புதிய ஃப்ளோ சைட்டோமெட்ரி ரிப்போர்ட்டில் சி.டி.19 பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.