சியன்னா பேராலயத்தின் பிக்கோலோமினி நூலகம்: குனிந்து பார்க்க வேண்டிய கூடம்

இத்தாலியின் சியன்னா பேராலயத்துக்குச் செல்பவர்களில் பலர், அதன் உள்ளேயே இருக்கும் பிக்கோலோமினி நூலகத்தைப் பத்து நிமிடங்களில் பார்த்துவிட்டு வெளியேறிவிடுகிறார்கள். நுழைந்ததும் கண்கள் மேலே போய்விடுவதே அதற்குக் காரணம். திருத்தந்தை (போப்) இரண்டாம் பயஸின் வாழ்க்கையை ஓவியர் பிந்துரிக்கியோ பத்துக் காட்சிகளாகத் தீட்டிய சுவரோவியங்கள் இன்றும் நிறம் மங்காமல் நிற்கின்றன. அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் இக்கூடத்தின் பெருஞ்செல்வம், சுவர்களுக்குக் கீழே கண்ணாடிப் பேழைகளுக்குள் விரித்து வைக்கப்பட்டிருக்கும் பாடல் நூல்களே என்பது என் உறுதியான கருத்து.

கர்தினால் பிரான்செஸ்கோ பிக்கோலோமினி, தம் தாய்மாமனான இரண்டாம் பயஸின் நூல்களை வைப்பதற்கென்று எழுப்பிய கூடம் இது. இன்று இங்கே நாம் காண்பவை பேராலயப் பாடகர் குழுவின் இலத்தீன் வழிபாட்டுப் பாடல் நூல்கள். லிபெராலே தா வெரோனா, ஜிரோலமோ தா கிரெமோனா என்னும் இரு வட இத்தாலிய ஓவியர்கள் 1460-களின் பிற்பகுதியிலும் 1470-களிலும் இவற்றில் பாடல்களைத் தொடங்கும் பெரிய முதலெழுத்துகளுக்குள் ஓவியம் தீட்டினார்கள்.

ஒரே மேடையில் வைத்த நூலைச் சுற்றி நின்று குழு முழுவதும் பாட வேண்டியிருந்ததால், தோல் ஏடுகளும் எழுத்துகளும் மிகப் பெரியவை. நான்கு சிவப்புக் கோடுகளின் மேல் கரிய சதுரங்களாகச் சுரங்கள் அமர்ந்திருக்கின்றன. வரி முடியும் இடத்தில் ஒல்லியான சிறு குறி ஒன்று தனித்து நிற்பதைக் கவனியுங்கள். அது பாடுவதற்கான சுரமன்று, அடுத்த வரி எந்தச் சுரத்தில் தொடங்கும் என்று பாடகருக்கு முன்கூட்டியே காட்டும் வழிகாட்டி. சுரங்களைக் கோடுகளின் மேல் எழுதும் முறையை 11ஆம் நூற்றாண்டில் செம்மைப்படுத்திய குய்தோ என்ற துறவி பணியாற்றிய அரெத்ஸோ நகரம், இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை என்பதை நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

முதலெழுத்தை நேர் எதிரே நின்று பார்த்தால் அதில் பதித்த பொன் தட்டையாகத்தான் தெரியும். பேழையின் ஓரத்துக்கு வந்து, தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நோக்கினால், அடியில் பூசிய சுதையின் மேல் பொன்தகடு மெல்லப் புடைத்திருப்பதும், நாம் நகர நகர ஒளி அதன் மேல் ஊர்வதும் புலப்படும். அந்த எழுத்து வெறும் அலங்காரமும் அன்று. கிறிஸ்துமஸுக்கு முன்வரும் ஆயத்த வாரங்களான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்குரிய வருகைப் பல்லவி, அதாவது திருப்பலி வழிபாட்டின் தொடக்கப் பாடல், ‘உம்மை நோக்கி என் உள்ளத்தை உயர்த்துகிறேன்’ என்ற பொருளில் தொடங்குகிறது. இத்தகைய திருப்பலிப் பாடல் நூல்கள் பலவற்றில் அதன் முதலெழுத்துக்குள், தம் ஆன்மாவைச் சிறு குழந்தையின் உருவில் இறைவனை நோக்கி ஏந்தி நிற்பவரை வரைந்திருப்பார்கள். பாட வேண்டிய சொல்லின் பொருள் பாடகரின் கண்முன்னேயே நின்றது.

ஒவ்வொரு நூலிலும் விரித்து வைத்த இரு பக்கங்களை மட்டுமே காண இயலும் என்பதால், எல்லாப் பேழைகளையும் சுற்றி வர அவசரப்படாமல், மூன்று நான்கு ஏடுகளைத் தேர்ந்துகொண்டு ஒவ்வொன்றின் முன்னும் நின்று பாருங்கள். இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். சுவரோவியங்களை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.