ஆக்ஸிமீட்டர்: பெட்டியில் வராத பாதி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இதை விற்கிறவள். அயனாவரத்தில் சித்தப்பாவின் மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்ட். அதனால் பிராண்ட் பெயர் எதையும் எழுதப் போவதில்லை. ஒன்றைப் பாராட்டினால் கமிஷன் வாங்கிவிட்டாள் என்பீர்கள். இன்னொன்றைத் திட்டினால் அந்த ரெப் அடுத்த மாதம் கடைப் பக்கமே வர மாட்டார். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் எதுவானாலும் அதில் எது நல்லது, எது சரியில்லை என்று மட்டும் சொல்கிறேன். மழை பிடித்துத் தெருவில் இருமல் சத்தம் கிளம்பினால் போதும், "அக்கா, இப்பவும் இது வீட்ல வேணுமா?" என்று யாராவது வந்துவிடுகிறார்கள். கவுன்ட்டரில் நின்றுகொண்டு அதற்கு முழுப் பதில் சொல்ல முடிவதில்லை, பின்னால் பாராசிட்டமால் கேட்டு நாலு பேர் நிற்பார்கள்.

பொருளாகப் பார்த்தால் அருமையான பொருள். கிளிப்பின் ஒரு பக்கத்தில் சிவப்பு விளக்கும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கும் இருக்கும். மறுபக்கத்தில் வெளிச்சத்தை அளக்கும் சென்சார். ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும், ஏறாத ரத்தம் சிவப்பை. நாடி துடிக்கும்போது மாறுகிற வெளிச்சத்தை மட்டும் பிரித்துக் கணக்குப் போட்டு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுகிறது. ஊசி கிடையாது, ரத்தம் எடுக்க வேண்டாம். 1974-ல் ஜப்பானில் டக்குவோ அவோயாகி என்ற பொறியாளர் கண்டுபிடித்த வழி இது. கொரோனாவால் உலகமே இந்தக் கிளிப்பைத் தேடி ஓடத் தொடங்கிய 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார்.

வாங்கும்போது கடையிலேயே பார்த்துவிடுங்கள். விரலை மாட்டி, கையை மேஜை மேல் வைத்து, ஒரு நிமிடம் ஆடாமல் இருங்கள். முதலில் வரும் எண்ணை நம்பாதீர்கள், நின்ற எண்ணைப் பாருங்கள். மணிக்கட்டில் நாடி பிடித்து ஒரு நிமிடம் எண்ணினால், மெஷின் காட்டும் துடிப்புக்குப் பக்கத்தில் வர வேண்டும். அப்புறம் ஒரு பேனாவை உள்ளே வைத்துப் பாருங்கள். அதற்கும் 98 காட்டினால் நைஸாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். 2021-ல் அப்படிப்பட்ட சரக்கு நிறைய சுற்றியது. மருதாணி, நெயில் பாலிஷ், ஏசியில் ஜில்லிட்ட விரல் எல்லாமே எண்ணைக் கெடுக்கும். எண் சரியாக வந்தாலும் இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம்.

இதன் பெரிய குறை திரைதான். ஆக்ஸிஜனும் நாடித்துடிப்பும் ஒரே அளவு எழுத்தில் பக்கத்துப் பக்கத்தில் வரும். பட்டனைத் தட்டினால் திரை தலைகீழாகத் திரும்பும். இரண்டாம் அலையின்போது ராத்திரி நேரத்தில் வாட்ஸ்அப்பில் இந்தத் திரையின் போட்டோக்களாக எனக்கு வந்து விழும். "அக்கா, அப்பாவுக்கு 68 காட்டுது, ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் 68 என்பது நாடி. ஆக்ஸிஜன் 97, மனிதர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். இது பரவாயில்லை. இதற்கு நேர்மாறாகவும் வந்தது. "97 இருக்குக்கா, சூப்பர்" என்று ஒருவர் அனுப்பிய போட்டோவில் 97 நாடியாகவும் 88 ஆக்ஸிஜனாகவும் இருந்தன. தமிழ்நாட்டில் விற்கிற ஒரு பொருளில் 'ஆக்ஸிஜன்', 'நாடி' என்று தமிழில் அச்சடித்து ஒட்ட என்ன செலவாகிவிடும்? இன்றுவரை எந்தக் கம்பெனி பெட்டியிலும் நான் பார்க்கவில்லை. எங்கள் கடையில் விற்பதில் நானே பேனாவால் எழுதி செலோடேப் ஒட்டித் தருகிறேன்.

விலைக்கு வருவோம். இப்போது ஆயிரத்தை ஒட்டி நல்லதே கிடைக்கிறது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் நயினியப்ப நாயக்கன் தெருவில் மொத்த வியாபாரிகளிடம் காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை. பில் கேட்டால் சரக்கே இல்லை என்பார்கள். மூவாயிரம் கொடுத்து வாங்கிப்போனவர்கள் எங்கள் தெருவில் உண்டு. இதில் எனக்கு ஆறாத ஆத்திரம் ஒன்று இருக்கிறது. 2020 மார்ச்சில் மாஸ்க்கையும் சானிடைசரையும் மத்திய அரசு அத்தியாவசியப் பொருளாக்கியது. ஒரு வாரத்தை ஒட்டியே 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய், மூன்றடுக்கு மாஸ்க் 10 ரூபாய் என்று உச்சவிலை வைத்துவிட்டார்கள். அதாவது எப்படிச் செய்வது என்று தெரியும், ஒரு வாரத்தில் செய்யவும் முடியும். ஆனால் ஆக்ஸிமீட்டர், பிபி மெஷின், நெபுலைசர், சுகர் மெஷின், டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஐந்துக்கும் 70 சதவீத லாப வரம்பு வந்தது 2021 ஜூலையில். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது மே 21-ம் தேதி. ஜூலையில் என் கவுன்ட்டரில் ஆக்ஸிமீட்டர் தூசி பிடித்துக் கிடந்தது. அடுத்த தொற்று எந்தக் கிருமியால் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, சரி. ஆனால் மூச்சுக்கோளாறு என்றால் மக்கள் எந்தெந்தப் பொருளைத் தேடி ஓடுவார்கள் என்று எங்களை மாதிரி மெடிக்கல் ஷாப்காரர்களைக் கேட்டாலே பட்டியல் கிடைத்துவிடும். அந்தப் பட்டியலுக்கான ஆணையை இப்போதே எழுதி வைத்தால், அன்றைக்குத் தேதி மட்டும் போட்டால் போதும்.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம். இந்தப் பெட்டியைத் திறந்தால் மெஷின், கயிறு, இரண்டு செல், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒரு காகிதம், அவ்வளவுதான். பாதிப் பொருள்தான் உள்ளே இருக்கிறது.

எங்கள் கடைக்குப் பின்சந்தில் இட்லி விற்கும் ஆயா ஒருவர் இருக்கிறார். அந்த மே மாதம் அவருக்கும் மருமகளுக்கும் பாசிட்டிவ். வீட்டுத் தனிமை. சந்துக்குள் தினமும் மாநகராட்சிக் களப்பணியாளர் ஒரு தம்பி வருவான், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஆக்ஸிமீட்டர், அக்குளில் நாற்பது பக்க நோட்டு. வாசல் ஸ்டூலில் மெஷினை வைத்துவிட்டு ஆறடி தள்ளி நிற்பான். ஆயா மாட்டிக் காட்டியதும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து எடுத்துக்கொள்வான். செல் வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவான் என்பதால் அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கதவு எண், நேரம், காய்ச்சல், ஆக்ஸிஜன், நாடி. கடைசிக் கட்டத்தில் 'சாப்பிட்டாரா' என்று இருந்தது. அது யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவனே சேர்த்துக்கொண்டது.

ஆயாவுக்கு 97, 96, 96, 94 என்று வந்திருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய எண் எதுவுமே இல்லை. 94-க்குக் கீழே போனால்தான் பார்க்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஆனால் அவன் பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தான், 'சாப்பிட்டாரா' கட்டத்தில் இரண்டு வேளையாக 'இல்லை' என்று இருந்ததையும் பார்த்தான். "ஆயா, வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிஷம் நடங்க" என்றான். "எனக்கு இன்னாப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்து வந்து மாட்டியபோது 89. அந்த நோயின் மோசமான குணமே அதுதான், ஆக்ஸிஜன் இறங்குவது பலருக்கு மூச்சுத் திணறலாகத் தெரியாது. சந்து முனையில் நின்று அவன் போன் மேல் போன் போட்டதையும், சாயங்காலம் 108 வந்ததையும் நான் பார்த்தேன். ஆயா திரும்பி வந்துவிட்டார். இட்லி இப்போது மூன்று ரூபாய் ஏறிவிட்டது, அது வேறு கதை.

அதே வாரத்தில் மூவாயிரம் கொடுத்து வாங்கிய ஒரு வீட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாட்டி மாட்டிப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள். ஒரு எண்ணைக்கூட எழுதி வைக்கவில்லை. யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. மெஷினில் என்ன குறை? ஒன்றுமில்லை. மறுமுனையில் ஆள் இல்லை.

இங்கிலாந்தில் 2020 நவம்பரில் அரசு மருத்துவத் துறை மெஷினோடு அந்த மறுமுனையையும் சேர்த்துக் கொடுத்தது. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஆக்ஸிமீட்டரை இரவலாகக் கொடுத்தார்கள், கூடவே ஒரு டைரி. தினம் மூன்று முறை எழுத வேண்டும். எந்த எண்ணுக்கு யாரைக் கூப்பிட வேண்டும், 92-ம் அதற்குக் கீழும் என்றால் நேராக அவசரப் பிரிவு என்று அதிலேயே இருக்கும். உடம்பு தேறியதும் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சிங்கப்பூரில் 2021-ல் டெமாசெக் அறக்கட்டளை வீட்டுக்கு ஒன்று இலவசமாகவே கொடுத்தது. இரண்டில் எது என்று கேட்டால் நான் இரவல் பக்கம். வீட்டுக்கு ஒன்று கொடுக்கிற அளவு சின்ன நாடு இல்லை நமது, தவிர டிராயரில் கிடக்கும் மெஷினுக்குள் செல் கசிந்து போய்விடும்.

வெளிநாட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து வைத்தார்கள். மறுபாதிக்கு அவரவர் வீட்டிலேயே, நெரிசலான குடியிருப்புகளிலேயே மாத்திரை. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், குடும்பத்தாருக்கு நோய் தொற்றுவதும் அதனால் கூடவில்லை. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தை மாற்றிய ஆய்வு அது. மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டிலேயே வைத்தியம் என்றால் அந்த வீட்டுப் படியேறுகிற ஒரு ஆளும் சேர்ந்ததுதான் என்று இந்த ஊர் அப்போதே நிரூபித்துவிட்டது.

கொரோனாவுக்குப் பிறகு அதில் கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி, சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதனால் எனக்கு வியாபாரம் குறைந்தது, ஆனாலும் நல்ல திட்டம். 2022-ல் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், அயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளின் எடை, எழுந்து நிற்க முடிகிறதா, மூச்சு வேகம், ஆக்ஸிஜன் எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே பார்க்கிறார்கள். 94-க்குக் கீழே என்றால் உடனே பெட் பார்க்கச் சொல்லும் பட்டியலில் பெயர் வந்துவிடும். பெருந்தொற்றில் பழகிய கிளிப் சும்மா கிடக்காமல் பழைய நோய்க்குப் போனது, இதைவிட உருப்படியான பாடம் எதையும் நான் பார்க்கவில்லை.

இரண்டு குறைகள் பாக்கி. ஒன்று நிறம். 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவமனை நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. மெஷின் 92 முதல் 96 வரை காட்டும்போது தமனி ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது, கறுப்பினத்தவரின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6. கறுத்த தோலில் இது கூடுதலாகக் காட்டுகிறது என்று அர்த்தம். சென்னை வெயிலில் அலைகிறவர்கள் எல்லாம் என்ன நிறம்? எங்கள் மாதிரித் தோலில் சோதித்ததா என்று பெட்டி மேல் போட வேண்டும், போடாவிட்டால் இங்கே விற்க விடக் கூடாது. அதுவரைக்கும் கறுத்த தோல் உள்ளவர்கள், காய்ச்சல் வருவதற்கு முன் உங்கள் எண் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மூன்று, நாலு இறங்கினால் 95 என்று காட்டினாலும் டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று, பிடிக்காத எண்ணைப் பார்த்தால் விரலை மாற்றி மாற்றி மாட்டுகிற பழக்கம். பிடித்த எண் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். வீடு மட்டும் என்றில்லை, அரசுக் கணக்கிலும் பிடிக்காத எண் விடுபடும். 2020 ஜூலையில் சென்னையின் கணக்கில் விடுபட்டிருந்த 444 கொரோனா மரணங்களை ஆய்வுக்குழு கண்டுபிடித்துச் சேர்த்தது. சேர்த்தது நல்லது. அடுத்த தடவை அந்தக் குழு தொற்றின் முதல் வாரத்திலேயே உட்கார வேண்டும்.

யார் வாங்கலாம்? ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதயக் கோளாறு உள்ளவர் வீட்டில் இருந்தால் டாக்டரைக் கேட்டு வாங்கலாம். மற்றவர்களுக்கு இப்போது தேவையில்லை, அந்தக் காசில் நல்ல தெர்மாமீட்டர் வாங்குங்கள். போன் கேமராவில் விரலை வைத்தால் ஆக்ஸிஜன் சொல்லும் ஆப் எதுவும் வேண்டாம். வாங்கினால் செல்லைக் கழற்றித் தனியாக வையுங்கள். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன், திரைக்காக ஒன்று போச்சு.

எங்கள் கடையில் இரண்டு மெஷின் இரவலுக்கு வைத்திருக்கிறோம். அட்வான்ஸ் 500 ரூபாய், வாடகை கிடையாது, கோடு போட்ட நோட்டு ஒன்று சேர்த்துக் கொடுப்போம். தேறியதும் இரண்டையும் கொண்டுவர வேண்டும். மெஷின் மட்டும் வந்து நோட்டு வராவிட்டால் 250-தான் திரும்பும். சித்தப்பாவிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை, கல்லா என்னிடம் இருக்கிறது.