பீடியா டிரிப் செட்: எதைப் பார்த்து வாங்குவது, எங்கே கோளாறு வரும்

குழந்தைகள் வார்டில் முதல் போஸ்டிங்குக்கு வரும் நர்சிங் மாணவர்கள் உடனே பழக வேண்டிய சாமான், குழந்தைகளுக்கு அளந்து டிரிப்ஸ் ஏற்றும் பீடியா டிரிப் செட். பாட்டிலுக்கும் சொட்டுச் சேம்பருக்கும் நடுவே, மி.லி. கோடு போட்ட 100 அல்லது 150 மி.லி. குழாய் ஒன்று இருக்கும். எந்தக் கம்பெனி செட்டும் பார்வைக்கு ஒரே மாதிரிதான். தரம் தெரிவது ஏர் வென்ட் (குழாய்க்குள் காற்று நுழையும் துளை), மிதவை வால்வு (குழாய் காலியானதும் அடியை மூடும் அடைப்பு), லூயர் லாக் (கேனுலாவில் திருகிப் பூட்டும் முனை) என்ற மூன்றில்.

இதில் 60 சொட்டு ஒரு மி.லி. ஆகவே மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. 10 கிலோ குழந்தைக்கு மணிக்கு 40 மி.லி. என்றால் 40 சொட்டு. பெரியவர்களுக்கான 20 சொட்டு செட்டில் இதுவே 13 சொட்டு. நிமிடத்துக்கு ஒரு சொட்டு பிசகினாலே மணிக்கு 3 மி.லி. மாறிவிடும்.

மாட்டும்போது, குழாய்க்கு மேலும் கீழும் டியூபை அழுத்தி ஓட்டத்தை நிறுத்தும் இரண்டு ரோலரையும் மூடிவிட்டு பாட்டிலில் குத்துங்கள். மேல் ரோலரைத் திறந்து 30 மி.லி. பிடித்து மூடுங்கள். சொட்டுச் சேம்பரை அமுக்கிப் பாதி நிரப்பி, கீழ் ரோலரை மெதுவாகத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். அதன்பின் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கான அளவை மட்டும் பிடித்தால் போதும். மேல் ரோலர் திறந்தே கிடந்தால் இந்தச் செட்டுக்குக் கொடுத்த காசு வீண், 500 மி.லி. பாட்டிலும் குழந்தையின் நரம்புக்கு நேராகத் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதிகம் ஏமாற்றுவது ஏர் வென்ட். அதன் மூடி திறக்காமலிருந்தாலோ, ஃபில்டர் நனைந்திருந்தாலோ குழாய்க்குள் காற்று நுழையாது. சொட்டு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். உடனே கேனுலா (நரம்பில் ஏற்றிய மெல்லிய குழல்) அடைத்துக்கொண்டது என்று முடிவுகட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த 24ஜி கேனுலாவைப் பிடுங்கிவிட்டு, அழுகிற பிள்ளைக்கு மறுபடி ஊசி தேடுவார்கள். கையைத் தொடும் முன் வென்டைப் பாருங்கள். வென்ட் சரியாக இருந்தும் நிரப்பியபின் ஓடவில்லையென்றால், மிதவை வால்வு அடியில் ஒட்டியிருக்கலாம். கீழ் ரோலரை மூடிவிட்டு சொட்டுச் சேம்பரை லேசாக அமுக்கினால் விடும். வால்வே இல்லாத மலிவு செட்டும் உண்டு. குழாய் காலியானதும் டியூபில் காற்று இறங்கும். அதை வாங்காதீர்கள்.

புது செட்டில் ரோலர் அழுத்திய டியூப் கொஞ்ச நேரத்தில் தானாகவே உருமாறி வேகம் மாறும். 15 நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அம்மா பிள்ளையைத் தூக்கினாலும், பிள்ளை முழங்கையை மடக்கினாலும் இதே கதைதான்.

குழாயில் ஆன்டிபயாடிக் கலந்தால் மருந்தின் பெயர், அளவு, நேரம் எழுதி ஒட்டுங்கள். 3 மி.மீ. உள்விட்டமுள்ள 150 செ.மீ. டியூபில் மட்டும் சுமார் 10 மி.லி. தங்கும். மணிக்கு 10 மி.லி. ஓடும் குழந்தைக்கு மருந்து போய்ச் சேரவே ஒரு மணி நேரம்! குழாய் காலியானதும் மருந்து முடிந்தது என்று சார்ட்டில் எழுதுவது தப்பு. டியூபில் தங்கியதைத் தள்ளிவிட ஃப்ளஷ் ஓட்டிய பிறகே முடிந்ததாக அர்த்தம். ஆர்.எல். (கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் திரவம்) ஓடும் லைனில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலக்கவே கூடாது. கால்சியத்தோடு சேர்ந்து படிவு உண்டாகும்.

ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் டோபமின் போன்ற மருந்துக்கும், மணிக்கு 2, 3 மி.லி. ஓடும் பச்சிளங்குழந்தைக்கும் சிரிஞ்சை மெஷினே மெல்லத் தள்ளும் சிரிஞ்ச் பம்ப்தான் சரி. ரத்தம் ஏற்ற ஃபில்டர் உள்ள தனி செட் வேண்டும். மற்றபடி சாதாரண வார்டுக்கு, லூயர் லாக் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இது நல்ல சாமான். வெறுமனே சொருகுகிற வகையை இரண்டு வயதுப் பிள்ளை ஒரே இழுப்பில் கழற்றிவிடும்.